நிரலும் நூலே: டொனால்டு கனூத்தின் எழுத்தறம்

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டம் ஒன்றின் விழாவில் கணிப்பொறியைப் பற்றிய பேச்சுக்கு இடம் உண்டோ என்னும் ஐயம் எழுவது இயல்பே. கணிப்பொறியும் எண்ணுகிறது, கவிஞரும் எண்ணுகிறார், இரண்டு எண்ணமும் ஒன்றல்ல. ஆயினும் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் தொழிலைக் கவிதை யாத்தலோடும் இசை அமைத்தலோடும் ஒருங்கு வைத்துக் கண்ட அறிஞர் ஒருவர் உள்ளார். அமெரிக்க நாட்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்டு எர்வின் கனூத் என்பார் அவர்.

நிரல் என்பது பொறிக்கு இடும் ஆணைகளின் வரிசை என்பதே பொதுவான கருத்து. கனூத்தோ அதனை ஒரு மனிதர் பிற மனிதர்க்கு எழுதும் எழுத்தாகக் கண்டார். இந்த ஒரு கருத்திலிருந்து மூன்று கடமைகள் கிளைத்தன. எழுதியது பிறர்க்கு விளங்க வேண்டும். அதில் நேரும் பிழைக்கு எழுதியவரே பொறுப்பேற்க வேண்டும். எழுத்துக்கு அடிப்படையாகிய கருத்துகளை எவரும் தமக்கே உரியன என்று வேலியிடலாகாது. எழுதுவோர் எவர்க்கும் பொருந்தும் இம்மூன்றும் கணிப்பொறி உலகில் எவ்வாறு செயற்பட்டன, எங்கெங்கு மறுப்பைச் சந்தித்தன என்பதே இவ்வுரையின் பொருள்.

படித்தவர் எழுத்தாளரானார்

கனூத் 1938ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். சிறிய அளவில் அச்சுத் தொழிலும் நடத்தியவர். அச்சு மையின் மணம் பிள்ளைப் பருவத்திலேயே பழகிய அச்சிறுவர் எட்டாம் வகுப்பில் படிக்கையில், மிட்டாய் நிறுவனம் ஒன்று போட்டி நடத்தியது. 'ஜீக்லர்ஸ் ஜயண்ட் பார்' என்னும் தன் மிட்டாயின் பெயரில் உள்ள எழுத்துகளைக் கொண்டு எத்தனை ஆங்கிலச் சொற்களை ஆக்க இயலும் என்பது போட்டி. வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்குச் செல்லாமல், பெரிய அகராதி ஒன்றைத் துணைகொண்டு சிறுவர் கண்டெடுத்த சொற்கள் ஏறத்தாழ 4,500. நடுவர்களின் பட்டியலில் இருந்தனவோ 2,500 அளவே. பரிசாகப் பள்ளிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி கிடைத்தது. சொல்லையும் எண்ணையும் ஒரே கையால் தொட்ட வாழ்க்கைக்கு இந்நிகழ்ச்சி நல்ல தொடக்கம்.

1956இல் கிளீவ்லாந்து நகரத்துக் கேஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்த கனூத், அங்கிருந்த ஐபிஎம் 650 என்னும் கணிப்பொறியைக் கண்டார். அப்பொறியோடு வந்த கையேட்டில் சில நிரல்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைப் படித்த மாணவர்க்கு, இவற்றைவிட நன்றாக எழுதலாமே என்று தோன்றியது. அவர் நிரல் எழுதத் தொடங்கியது அவ்வாறே. பிறர் எழுதியதைப் படித்தலே அவரை எழுத்தாளராக்கியது என்பது இங்குக் கருதத்தக்கது. அக்கையேட்டில் நிரல்கள் மறைக்கப்பட்டு, அவற்றின் பயன் மட்டுமே சொல்லப்பட்டிருப்பின், இத்தூண்டல் நேர்ந்திராது. பின்னாளில் தம் பெருநூலை அவர் காணிக்கையாக்கியது மனிதர் எவர்க்கும் அன்று. கேஸ் கல்லூரியில் முன்பு நிறுவப்பட்டிருந்த அந்த 650 பொறிக்கே.

அப்பெருநூல் 'கணிப்பொறி நிரலாக்கக் கலை' என்னும் பொருள்படும் பெயருடையது. 1962இல் பதிப்பகம் ஒன்றின் வேண்டுகோளின்படி ஒரே நூலாகத் தொடங்கப்பெற்ற அது, எழுத எழுத விரிந்து ஏழு தொகுதித் திட்டமாயிற்று. முதல் தொகுதி 1968இலும், இரண்டாவது 1969இலும், மூன்றாவது 1973இலும் வெளிவந்தன. நான்காம் தொகுதியின் முதற்பகுதி 2011இலும், அடுத்த பகுதி 2022இலும் வந்தன. இந்நூலை முடிக்கவேண்டி 1993இலேயே ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுக்கொண்டார். 1990 சனவரி முதல் நாள் தொட்டு மின்னஞ்சல் முகவரியே இல்லாமல் வாழ்ந்துவருகிறார். கணிப்பொறி அறிவியலின் முதன்மை ஆசிரியர் ஒருவர், எழுதுவதற்குத் தனிமை வேண்டி மின்னஞ்சலைத் துறந்தமை எழுத்தாளர்க்கு வியப்பளிக்காது.

கலை என்னும் சொல்

1974ஆம் ஆண்டு, தம் முப்பத்தாறாம் அகவையில், கணிப்பொறித் துறையின் மிகவுயர்ந்த விருதாகிய டூரிங் விருதைக் கனூத் பெற்றார். அவ்விருது ஏற்புரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், நிரலாக்கம் ஒரு கலை என்பதாகும். அக்காலத்தில் அத்துறையினர் பலர் தம் தொழிலைக் 'கலை' நிலையிலிருந்து 'அறிவியல்' நிலைக்கு உயர்த்த வேண்டும் என்று பேசிவந்தனர். கலை என்றாலே ஒழுங்கில்லாதது, ஆளுக்கொரு வகையாய் அமைவது என்னும் இழிவுப் பொருள் அவர்கள் பேச்சில் ஊடாடிற்று. கனூத் இதனை மறுத்தார்.

'கலை' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேரையும், அதற்கு இணையான 'தெக்னே' என்னும் கிரேக்கச் சொல்லையும் அவர் ஆராய்ந்தார். மனிதர் தம் திறனால் ஆக்குவது எதுவோ அதுவே அவற்றின் பழம்பொருள். கணிப்பொறிக்குக் கற்பிக்கும் அளவுக்குத் தெளிவாக நாம் அறிந்துகொண்டது அறிவியல் எனில், எஞ்சியது முழுதும் கலை என்பது அவர் வகுத்த எல்லை. அறிவியல் வளர வளரக் கலை தேய்வதில்லை. இரண்டும் உடன் வளர்வன. தமிழில் இவ்விளக்கத்திற்கு மிகுந்த உழைப்புத் தேவையில்லை. அறுபத்துநான்கு கலைகள் என்று எண்ணிய மரபு, பாட்டையும் கூத்தையும் எண்ணிய பட்டியலிலேயே கைத்தொழில்களையும் சேர்த்தே எண்ணியது.

அவ்வுரையில் கவிஞர்க்கு உரிய செய்தி வேறொன்றும் உண்டு. வசதி குறையக் குறையச் செய்வதில் இன்பம் மிகுதல் உண்டு என்றார் கனூத். சிறிய பொறியில், குறுகிய இடத்தில், ஒரு பணியை முடிக்க முனைவோர்க்குக் கிடைக்கும் மகிழ்ச்சி பெரும்பொறியின் முன் அமர்வோர்க்குக் கிட்டுவதில்லை. ஈற்றடி முச்சீராய் முடிய வேண்டும் என்னும் கட்டுக்குள் நின்று வெண்பா யாத்துப் பார்த்தவர்கள் இதனை உடனே ஒப்புவர். தளை என்னும் சொல் கட்டு என்னும் பொருளையும் தருவது. அக்கட்டின் உள்ளேதான் ஓசை பிறக்கிறது.

ஓர் எழுத்துக்குப் பட்ட பாடு

கலை என்று பேசியவர் அதற்கு விலை கொடுக்கவும் நேர்ந்தது. அவருடைய நூலின் முதற்பதிப்புகள் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடப்பட்டவை. 1977இல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்குரிய மெய்ப்புகள் வந்தபோது, ஈய அச்சு மறைந்து ஒளியச்சு வந்துவிட்டிருந்தது. எழுத்துகளின் வடிவும் இடைவெளியும் அவர் உள்ளத்தை வருத்தின. தாம் பல்லாண்டு உழைத்து எழுதிய நூல் இத்தோற்றத்தில் வருவதை அவரால் ஏற்க இயலவில்லை. அவ்வமயம் எண்முறை ஒளியச்சின் படி ஒன்றையும் அவர் காண நேர்ந்தது. மிக நுண்ணிய புள்ளிகளில் மை இருத்தல், இல்லாதிருத்தல் என்னும் இரண்டே நிலைகளால் எழுத்துகள் அமைந்திருந்தன. ஒன்றும் சுழியுமே எழுத்தாகும் எனில் அது தம் துறைக்கு உட்பட்டதே என்று உணர்ந்தார். பெருநூலை நிறுத்திவைத்துவிட்டு, நூலை அழகுற அச்சிடும் நிரல் ஒன்றை எழுதப் புகுந்தார். ஓராண்டில் முடியும் என்று எண்ணிய அப்பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளைக் கொண்டது.

அந்நிரலுக்கு 'டெக்' என்று பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து 'டெக்ஸ்' என்று படிப்போர் உண்டு. இறுதி எழுத்து கிரேக்க எழுத்து ஆதலின் ககர ஓசையே உரியது என்பது ஆசிரியரின் விளக்கம். கலையையும் தொழிலையும் ஒருங்கே குறித்த 'தெக்னே' என்னும் அச்சொல்லே அதன் வேர்.

டெக் நிரலின் நுட்பங்களுள் ஒன்றேனும் இங்குச் சொல்லத்தக்கது. பிற அச்சமைப்பு முறைகள் பல ஒரு வரியை நிரப்பி முடித்ததும் அதனை மறந்து அடுத்த வரிக்குச் செல்லும். அதனால் ஒரு வரி நெருங்கியும் அடுத்த வரி கலைந்தும் தோன்றும். கனூத்தும் மைக்கேல் பிளாஸ் என்பவரும் வகுத்து 1981இல் வெளியிட்ட முறை, பத்தி முழுவதையும் ஒருசேர நோக்குகிறது. எங்கெங்கு வரியை முறித்தால் பத்தி முழுவதிலும் குறை மிகக் குறைவாக இருக்கும் என்று கணக்கிட்டு, அதன் பின்னரே முதல் வரியை முடிவு செய்கிறது. கடைசி வரிக்கு வரும் இடர் முதல் வரியின் அமைப்பை மாற்றவும் கூடும். ஈற்றடியை உள்ளத்தில் வைத்து முதலடியைத் தொடங்கும் பாவலரின் செயல் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

எழுத்துருக்களை வரைவதற்கு 'மெட்டாஃபாண்ட்' என்னும் மற்றொரு நிரலையும் அவர் எழுதினார். எழுத்தின் புறக்கோட்டை வரையாமல், எழுதுகோல் செல்லும் வழியைச் சமன்பாடுகளால் சொல்வது அதன் முறை. எல்லா எழுத்தும் ஓரளவு பணிந்தன. ஆங்கிலத்தின் 'எஸ்' எழுத்து மட்டும் பணியவில்லை. அதன் வளைவைக் கணக்கில் அடக்க இரவும் பகலும் முயன்று சோர்ந்திருந்த அவரிடம், அவ்வெழுத்தை எஸ் வடிவத்திலேயே வரைந்துவிடலாமே என்று மனைவியார் வினவினாராம். எளிய அவ்வினாவுக்கு உரிய விடையைக் காண அவர் பட்ட பாடு, 1980இல் 'எஸ் என்னும் எழுத்து' என்னும் பொருளில் தனிக் கட்டுரையாகவே வெளிவந்தது. ஹெர்மன் சாஃப் போன்ற பேர்பெற்ற எழுத்து வடிவமைப்பாளரோடும் அவர் இணைந்து உழைத்தார்.

இவ்வளவு உழைத்து ஆக்கியதை அவர் விற்கவில்லை. நிரலின் மூலத்தை எவரும் படிக்கவும் பயன்படுத்தவும் உரியதாக்கினார். அதன் பயன் தமிழுக்கும் எட்டியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெட்டாஃபாண்ட் வழியே தமிழ் எழுத்துரு வரையப்பட்டது. தமிழ்ச் சொற்களை வரியிறுதியில் எங்கு முறிக்கலாம் என்னும் விதிகளும் பிற்காலத்தில் டெக் தொகுப்புகளில் சேர்ந்தன. இவற்றுக்காக எவரும் எந்த நிறுவனத்தின் வாயிலிலும் காத்து நிற்கவில்லை.

நெய்தலும் கோத்தலும்

டெக் நிரலைத் திருத்தி முழுதும் புதிதாய் எழுதிய காலத்தில் கனூத் புது எழுத்துமுறை ஒன்றைக் கண்டார். 1984இல் அதனை 'இலக்கிய நிரலாக்கம்' என்னும் பொருள்படும் பெயரால் வெளியிட்டார். பொறிக்கு ஏற்ற வரிசையில் எழுதாமல், படிக்கும் மனிதர்க்கு எந்த வரிசையில் சொன்னால் விளங்குமோ அந்த வரிசையில் எழுதுவது அதன் நோக்கம். விளக்கவுரையும் ஆணைகளும் ஒரே மூலத்தில் கலந்திருக்கும். அம்மூலத்தை 'நெய்தல்' என்னும் பொருளுடைய துணைநிரல் ஒன்று அச்சிட்டுப் படிக்கத்தக்க நூலாக்கும். 'சிக்கலாக்கல்' என்னும் பொருளுடைய மற்றொன்று பொறிக்கு வேண்டிய ஆணைகளை மட்டும் பிரித்துக் கோத்துத் தரும். முழு முறைக்கும் அவர் இட்ட பெயர் 'வெப்', அஃதாவது சிலந்தியின் வலை. உலகளாவிய வலை தோன்றுமுன் இடப்பட்ட பெயர் அது. 1986இல் டெக் நிரல் முழுவதும் இம்முறையில் அச்சிடப்பெற்று, தடித்த நூலாகவே கடைகளில் விற்பனைக்கு வந்தது.

நூல் நூற்றலோடு நூல் யாத்தலை ஒப்பிட்ட நன்னூலைக் கற்றோர்க்கு இப்பெயர்கள் புதியனவாகத் தோன்றா. தமிழில் நூல் என்பது இழையும் ஆகும், ஏடும் ஆகும். மூலமும் உரையும் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் எழுத்துமுறையும் தமிழர்க்குப் பழகியதே. கனூத்திடம் புதுமை யாதெனில், மூலத்தை இயற்றியவரே அதே வேளையில் உரையையும் இயற்ற வேண்டும் என்பதாகும். உரை எழுத உட்காரும்போது, தமக்கே விளங்காதிருந்த இடம் எது என்பது தெரிந்துவிடும். உரை எழுத இயலாத நிரல் சரியாக எண்ணப்படாத நிரல்.

இம்முறைக்கு வலிய மறுப்பும் எழுந்தது. 1986இல் ஜான் பெண்ட்லி என்பார் தாம் ஓர் இதழில் எழுதிவந்த பகுதிக்காக ஒரு சிறு சிக்கலைக் கனூத்திடம் தந்தார். ஒரு பனுவலைப் படித்து அதில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணிக்கையுடன் வரிசைப்படுத்த வேண்டும். சொல்லடைவு தொகுத்தோர்க்கு நன்கு தெரிந்த பணிதான் இது. கனூத் இலக்கிய நிரலாக்க முறையில், பல பக்க விளக்கத்துடன், இதற்கெனவே புதிதாய் அமைத்த நுட்பத்துடன் நிரல் எழுதித் தந்தார். அதனைத் திறனாய்வு செய்ய பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய் அழைக்கப்பட்டார். எழுத்தின் தெளிவைப் பாராட்டிய மெக்கில்ராய், அதே பணியை யூனிக்ஸ் இயக்கமுறையில் ஏற்கெனவே உள்ள ஆறு சிறு கட்டளைகளைக் கோத்தே முடித்துக் காட்டினார். ஆசிரியர் எல்லாவற்றையும் அடியிலிருந்து தாமே ஆக்க வேண்டியதில்லை. பிறர் ஆக்கிவைத்த கருவிகளை இணைத்தலே அறிவுடைமை என்பது அவர் கருத்து.

நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலும் ஒன்று, விளங்க வைத்தலும் ஒன்று. மெக்கில்ராய் முன்னதற்கும் கனூத் பின்னதற்கும் வாதிட்டனர் எனலாம். நடுநிலையில் நோக்கின் மெக்கில்ராயின் குறை கூறல் நியாயமானதே. அன்றாடப் பணிக்கு ஆறு கட்டளை போதும்; அணிகலன் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆறு கட்டளைகளுக்குப் பின்னும் பலர் எழுதிய நிரல்கள் நிற்கின்றன. அவற்றை யாரோ ஒருவர் விளங்க எழுதியிருந்தால்தான், அவை பழுதுறும் நாளில் வேறொருவர் திருத்த முடியும். சுருக்கம் பிறர் உழைப்பைப் பொதுவுடைமையாகப் பெற்றிருத்தலின்மேல் நிற்கிறது. இங்கேதான் உரிமை பற்றிய வினா எழுகிறது.

சொல்லுக்கு உடைமையாளர் உண்டோ

1980களிலும் 1990களிலும் அமெரிக்காவில் நிரல்களின் உட்கருத்துகளுக்கே காப்புரிமை வழங்கும் வழக்கம் பெருகிற்று. பதிப்புரிமையும் காப்புரிமையும் வேறு வேறு என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். பதிப்புரிமை ஒருவர் எழுதிய தொடரைக் காப்பது. அதே கருத்தைப் பிறர் தம் சொல்லில் எழுதத் தடையில்லை. காப்புரிமையோ கருத்தையே காப்பது. வேறொருவர் தாமாகவே அதனைக் கண்டறிந்தாலும் இசைவின்றிப் பயன்படுத்த இயலாது.

1994இல் கனூத் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் ஆணையர்க்கு மடல் ஒன்று வரைந்தார். எழுத்தாளர்க்குச் சொற்கள் எத்துணை அடிப்படையோ, நிரல் எழுதுவோர்க்குப் படிமுறைகள் அத்துணை அடிப்படை என்பது அம்மடலின் கருப்பொருள். தனித்தனிச் சொற்களுக்கு உரிமையாளர் ஏற்பட்டு, அவர்தம் இசைவைப் பதிப்பகம் பெற்றாலன்றிப் புதினமோ செய்திக்கட்டுரையோ எழுத இயலாது என்னும் நிலை வந்தால் என்னாகும் என்று அவர் வினவினார். 1980இல் இவ்வழக்கம் பரவியிருப்பின் டெக் நிரலைத் தாம் ஆக்கியிருக்கவே இயலாது என்றும் எழுதினார். கவிஞர்கள் இவ்வாதத்தின் வலிமையை எளிதில் உணர்வர். கவிஞர் ஒருவரின் பாட்டு அவர்க்கு உரியது; அவர் ஆண்ட எதுகை அவர்க்கு மட்டும் உரியதன்று.

இவ்வினாவை அரசியல் இயக்கமாகவே ஆக்கியவர் ரிச்சர்டு ஸ்டால்மன். 1953இல் நியூயார்க்கில் பிறந்த இவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை அறிவாய்வகத்தில் பணியாற்றியவர். அவ்வாய்வகத்தில் நிரல்களை ஒருவர்க்கொருவர் கொடுத்தும் திருத்தியும் வாழ்ந்தனர். புதிதாய் வந்த அச்சுப்பொறி ஒன்றில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. அதனை உடனே அறிவிக்கும்படி நிரலைத் திருத்த ஸ்டால்மன் விரும்பினார். நிரலின் மூலத்தை வைத்திருந்த ஒருவர், வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதால் தர இயலாது என்று மறுத்துவிட்டார். அண்டை வீட்டார்க்கு உதவமாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததற்கு ஒப்பாக இது ஸ்டால்மனுக்குத் தோன்றியது. 1983 செப்டம்பரில் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் பொது மக்கள் உரிமத்தின் முதல் வடிவை வெளியிட்டார். நிரலை எந்நோக்கத்திற்கும் இயக்குதல், அதன் மூலத்தைப் படித்து மாற்றுதல், படியெடுத்து வழங்குதல், மாற்றிய வடிவையும் வழங்குதல் என்பன அவர் வகுத்த நான்கு உரிமைகள். இவற்றைப் பெற்றவர் அடுத்தவர்க்கும் இவற்றை மறுக்கலாகாது என்பது உரிமத்தின் உயிர்ப்பகுதி. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் 1992இல் இவ்வுரிமத்தின்கீழ் வந்தபின், இவ்வியக்கம் உலகெங்கும் பரவியது.

இவ்வியக்கத்தின் பெயரால் ஆங்கிலத்தில் ஓயாத குழப்பம் உண்டு. விலையில்லாதது, விடுதலையுடையது என்னும் இரண்டுக்கும் அங்கு ஒரே சொல் வழங்குகிறது. தமிழில் 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. ஸ்டால்மன் வாழ்நாள் முழுவதும் விளக்கிவரும் வேறுபாட்டைத் தமிழ்ச் சொல் தொடக்கத்திலேயே தெளிவாக்கிவிடுகிறது.

மூலமும் திருத்தமும்

கனூத்தும் ஸ்டால்மனும் ஒருவர்க்கொருவர் அயலார் அல்லர். க்னூ திட்டத்தின் அறிக்கையிலேயே, அச்சமைப்புக்கு டெக் பயன்படும் என்று ஸ்டால்மன் குறித்திருந்தார். க்னூ கையேடுகள் டெக் வழியே அச்சாயின. ஆயினும் மூலத்தின் தூய்மை என்னும் ஓரிடத்தில் இருவர் நோக்கும் வேறுபடுவதைக் காண்கிறோம்.

1990இல் கனூத், டெக் நிரலில் இனிப் புதிய வசதி எதுவும் சேர்க்கப்படாது என்று அறிவித்தார். தம் படைப்பை எவரும் எவ்வாறும் பயன்படுத்தலாம், மாற்றியும் வழங்கலாம், ஆனால் மாற்றியதற்கு டெக் என்னும் பெயர் இடலாகாது என்றார். மாற்றம் விரும்புவோர் மூலக்கோப்பைத் தொடாமல், மாற்றங்களைத் தனிக்கோப்பில் எழுதிச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் வெப் முறையிலேயே அமைத்திருந்தார். பிழைதிருத்தம் நேரும்போதெல்லாம் பதிப்பெண் 3.14, 3.141 என்று பை எண்ணை நோக்கி ஓரிலக்கம் நீளும். 2021இல் அது 3.141592653 ஆயிற்று. ஆசிரியர் மறைந்தபின் பதிப்பெண் பை எண்ணாகவே நிலைபெறும். அன்று எஞ்சியிருக்கும் பிழைகள் பிழை என்று கருதப்படாமல் இயல்பு என்றே கருதப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில் நேர்ந்த இடைச்செருகல்களால் அல்லற்பட்ட பதிப்பாசிரியர்களின் வரலாற்றை அறிந்த தமிழ் அவைக்கு இவ்விருப்பத்தின் நியாயம் புரியும். ஐம்பதாண்டுக்குப் பின்னும் அதே கோப்பு அதே பக்கத்தைத் தர வேண்டும் எனில், மூலம் அசையாது நிற்க வேண்டும். மறுபுறம், மாற்ற இயலாத கருவி காலத்தோடு இயங்காது. யூனிகோடு எழுத்துகளை, அவற்றுள் தமிழையும், நேரே ஏற்கும் வல்லமை மூல டெக் நிரலில் இல்லை. அதனின்று பிறந்து வேறு பெயர் தாங்கிய 'சீடெக்', 'லுவாடெக்' என்னும் வழிநூல்களே அதனை ஆற்றின. முதல்நூல் நிற்க, வழிநூல்கள் தத்தம் பெயரோடு பெருகும் ஏற்பாடு இது.

ஸ்டால்மன் இவ்வேற்பாட்டை மறுக்கவில்லை. மாற்றியதற்கு வேறு பெயர் இடுக என்று கேட்பது உரிமையைக் குலைப்பதன்று என்பதே க்னூ தரப்பின் நிலைப்பாடு. அன்றியும், பயன்பாட்டுக்குரிய நிரல், கையேடு முதலியவற்றை எவரும் மாற்றலாம் என வாதிடும் அவரே, ஒருவரின் கருத்தைச் சொல்லும் கட்டுரைகளை மாற்றாமல் வழங்குவதே முறை என்று கருதுகிறார். தம் கட்டுரைகளை அவ்வாறே வழங்குகிறார். கருவியாக வாழும் எழுத்து வேறு, ஒருவரின் குரலாக வாழும் எழுத்து வேறு என்னும் பாகுபாடு இது. கனூத்தின் டெக் இரண்டாகவும் இருப்பதால்தான் எல்லைக்கோட்டில் நிற்கிறது.

பிழைக்குப் பொறுப்பேற்றல்

கனூத்தின் நூல்களில் பிழை காண்போர்க்கு, முதலில் கண்டவர் என்ற முறையில் 2.56 டாலர் காசோலை அனுப்பப்பெற்று வந்தது. 256 சென்ட் என்பது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் நூறு. அதனால் அதனைப் பதினாறடிமான டாலர் என்று விளையாட்டாகச் சொல்வார். டெக் நிரலில் பிழை கண்டோர்க்குரிய பரிசு ஆண்டுதோறும் இரட்டித்து 327.68 டாலர் என்னும் அளவில் நின்றது. பெற்றோர் பலர் அக்காசோலையை வங்கியில் செலுத்தாமல் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினர். காசோலை மோசடிகள் பெருகியமையால் 2008 முதல் உண்மைக் காசோலைக்கு மாற்றாக, 'சான் செரிஃப்' என்னும் கற்பனை நாட்டு வங்கியின் சான்றிதழ்களை வழங்கத் தொடங்கினார். பிழை சுட்டுவோரைப் பகைக்காமல் பரிசளித்தல் எழுத்துலகில் அரிய பண்பு.

அதனினும் அரிய செயல் ஒன்று உண்டு. 1978இல் டெக் நிரலை முதன்முதல் சோதித்த நாள் தொட்டுப் பத்தாண்டுக் காலம், அதில் தாம் செய்த திருத்தம் ஒவ்வொன்றையும் நாட்குறிப்பில் பதிந்துவந்தார். 1989இல் 'டெக்கின் பிழைகள்' என்னும் கட்டுரையில் அப்பட்டியல் முழுவதையும் அச்சிட்டார். 850க்கு மேற்பட்ட பதிவுகள் அதில் உள்ளன. அவற்றைப் பதினைந்து வகையாகப் பிரித்தும் காட்டினார். வழிமுறையே தவறியது, செய்ய வேண்டியதை மறந்தது, எதிர்பாராச் சூழலால் நேர்ந்தது, வெறும் எழுத்துப்பிழை, பிறழ்ச்சியன்றி மேன்மை கருதித் திருத்தியது என அவ்வகைகள் விரிகின்றன. நூற்குற்றம் பத்து என வகுத்த நன்னூலார் பிறர் நூலை அளக்கக் கோல் தந்தார். கனூத் அத்தகைய கோலைத் தம்மீதே வைத்து அளந்து, அளவையும் ஊரறிய வெளியிட்டார்.

இச்செயலின் பொருள் இன்று முன்னினும் மிகுதி. தேர்தல், வங்கி, மருத்துவம் என எத்துறையிலும் நிரல்கள் முடிவு செய்கின்றன. அவற்றின் மூலம் பெரும்பாலும் மக்கள் கண்ணுக்கு எட்டுவதில்லை. பிழை நேர்ந்தால் எவர் பிழை என்று கேட்கவும் இடமில்லை. பொறியே உரைநடையும் நிரலும் எழுதித்தரும் காலமும் வந்துவிட்டது. 2023இல் அத்தகைய உரையாடு பொறி ஒன்றுக்கு இருபது வினாக்களை விடுத்து விடைகளை ஆராய்ந்தார் கனூத். விடைகளின் சொல்லோட்டத்தை வியந்தார். உண்மைக்கு மாறான செய்திகள் அவற்றில் தயக்கமின்றிக் கலந்திருத்தலையும் சுட்டினார். அவ்வாய்வைப் பிறர்க்கு விட்டு, நம்பத்தக்க எழுத்தை ஆக்கும் தம் பணிக்கே திரும்பினார். பிழை சுட்டினால் பரிசு தர ஓர் ஆசிரியர் இல்லாத எழுத்து அது.

மரத்தின் கோணலைத் தீர்க்கத் தச்சர் அடிக்கும் நூலோடும் நூலை ஒப்பிடுகிறது நன்னூல். பிறர் கோணலைத் தீர்க்க வேண்டிய நூல் முதலில் தான் நேராக இருத்தல் வேண்டும். கனூத்தின் வாழ்வு அதற்குச் சான்று. கவிஞர்கள் கணிப்பொறி கற்க வேண்டும் என்பது இவ்வுரையின் வேண்டுகோள் அன்று. தாம் நாள்தோறும் பயன்படுத்தும் கருவிகளுக்குள் ஒருவர் எழுத்து உறைகிறது என்பதையும், அவ்வெழுத்தைப் படிக்கும் உரிமை எழுத்தறிந்த எவர்க்கும் உரியது என்பதையும் உணர்தல் போதும்.

பத்தாண்டு நிறைவில் அமைப்புகள் தம் வெற்றிகளைத் தொகுத்து மலர் வெளியிடுதல் மரபு, அது வேண்டுவதே. பத்தாண்டு முடிவில் தம் பிழைகளைத் தொகுத்து வெளியிட்ட ஓர் எழுத்தாளரையும் இம்மலர் நினைவு கூர்தல் தகும். அடுத்த பத்தாண்டுக்கு இவ்வட்டம் தன் மேசைமேல் ஒரு குறிப்பேட்டைத் திறந்து வைக்குமாயின், இங்கு அரங்கேறும் பாட்டில் பிழை கண்டோர் அதில் எழுதலாம். பாடியவர் அதனை நன்றியோடு படிக்கலாம்.